பிரெஞ்சில் 'வா' என்றால் 'போ'

பிரெஞ்சு படிக்கத் தொடங்கும் தமிழருக்கு முதல் சில நாள்களிலேயே ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. அந்த மொழியில் 'வா' என்றால் 'போ' என்று பொருள். நம்முடைய 'வா'வுக்கு அவர்கள் 'வியேன்' என்கிறார்கள். இதைச் சிரித்துக் கடந்துவிட்டால், ஏவல் வினை நமக்குப் பெரிய பாடமே இல்லை.

முதலில், யாரை ஏவுகிறோம் என்று முடிவு செய்யுங்கள். நீ என்றால் 'த்யூ', நீங்கள் என்றால் 'வூ', நாம் என்றால் 'நூ'. ஏவல் வடிவம் இந்த மூன்றுக்கு மட்டுமே உண்டு. பிரெஞ்சுக்கு நாம், நாங்கள் என்ற வேறுபாடு தெரியாது. இரண்டுக்கும் ஒரே 'நூ'தான். ஆனால் ஏவலில் அது எப்போதும் நம் 'நாம்'. 'பர்லோன்' என்றால் பேசுவோம். கேட்பவரும் அதில் சேர்த்தி.

அடுத்து, நிகழ்கால வாக்கியத்தை எடுத்து எழுவாயை நீக்குங்கள். 'வூ பர்லே' என்றால் நீங்கள் பேசுகிறீர்கள். வெறும் 'பர்லே' என்றால் பேசுங்கள். 'த்யூ ஃபினி' என்றால் நீ முடிக்கிறாய்; 'ஃபினி' என்றால் முடி. தமிழிலும் 'வா' என்றாலே போதும், 'நீ' தேவையில்லை அல்லவா?

மூன்றாவது படியில்தான் சறுக்கல். அகராதியில் காணும் மூல வடிவம் எழுத்தில் இ-ஆர் (er) என்று முடியும் வினைகளுக்கு, 'த்யூ' வடிவத்தின் கடைசியில் ஓர் எஸ் இருக்கும். ஏவலில் அதை எடுத்துவிட வேண்டும். 'த்யூ பார்ல்' என எழுதும்போது எஸ் உண்டு. 'பார்ல்' (பேசு) என்று ஏவும்போது இல்லை. அந்த எஸ் முன்பும் ஒலிக்கவில்லை என்பதால் காதுக்கு எந்த மாற்றமும் தெரியாது. பிரெஞ்சுக்காரர்களே எழுதும்போது இதில் தவறுவதுண்டு. போ என்னும் 'வா'வும், திற என்னும் 'ஊவ்ர்' என்பதும் எஸ்ஸை இழப்பவைதான். ஆனால் 'அங்கே' எனப் பொருள்படும் 'இ' பின்னால் ஒட்டினால், தொலைந்த எஸ் திரும்பி வந்து ஒலிக்கவும் செய்யும்: 'வாஸி'. 'அங்கே போ' என்பது சொற்பொருள். தயங்குபவரிடம் 'ம், தொடங்கு' என்று சொல்லவும் இதுவே.

விதிக்கு அடங்காதவை நான்குதான்: இரு, வைத்திரு, அறி, விரும்பு. 'த்யூ' வடிவில் முறையே 'ஸ்வா', 'ஏ', 'ஸாஷ்', 'வெய்'. மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. கடைசி வினையின் 'வூ' வடிவமான 'வெய்யே' மட்டும் அலுவலகக் கடிதங்களில் 'தயவுசெய்து' என்ற பொருளில் அடிக்கடி வரும்.

'செய்யாதே' என்று சொல்ல, வினையை 'ந', 'பா' இரண்டுக்கும் நடுவில் வையுங்கள்: 'ந பார்ல் பா' (பேசாதே). 'என்னை' என்பது சேர்ந்தால் இடம் மாறும். 'ரகார்த் முவா' (என்னைப் பார்) என்பதில் அது பின்னால் நிற்கிறது. 'ந ம ரகார்த் பா' (என்னைப் பார்க்காதே) என்பதில் 'ம' ஆகச் சுருங்கி முன்னால் ஓடிவிடுகிறது.

பொது இடப் பலகைகளில் இந்த விதிகளைத் தேடி ஏமாற வேண்டாம். 'தொடாதீர்கள்' என்பதற்கு அங்கே 'ந பா தூஷே' என்று எழுதியிருக்கும். அது ஏவல் அல்ல, அகராதியில் இருக்கும் வினையின் மூல வடிவம். அதனால்தான் 'ந', 'பா' இரண்டும் சேர்ந்தே முன்னால் நிற்கின்றன.