‘படியூர்க் கல்லுங்க’ என்றதும் பணத்தை எடுக்காதீர்கள்: அக்வாமரின் வாங்குவதில் நடக்கும் தவறுகள்

காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகும் வழியில் உள்ள படியூரில் 1819-20-லேயே ஹீத் என்ற ஆங்கிலேயர் அக்வாமரின் என்ற வெளிர்நீல ரத்தினக் கல்லைத் தோண்டியெடுத்தார். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே நொய்யல் கரைக் கொடுமணலில் கல்மணி செய்யும் பட்டறைகள் இருந்தன. இந்தப் பெருமைதான் வாங்குகிறவருக்கு வினையாகிறது. ஊர்ப் பெயரைக் கேட்டதுமே கல்லைச் சோதிக்காமல் விலை பேச உட்கார்ந்துவிடுகிறார்கள்.

நிறத்தை மட்டும் நம்புவதுதான் பெரிய தவறு. வெளிர்நீலத்தில் இன்று மலிவாகக் கிடைப்பது ப்ளூ டோபாஸ். நிறமற்ற டோபாஸைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திச் சூடாக்கினால் அந்த நீலம் வந்துவிடும். பளிங்குக்கு (குவார்ட்ஸ் படிகத்துக்கு) சாயமேற்றிப் பெரில் (அக்வாமரின் சேர்ந்த கனிம வகை) என்று விற்கும் வித்தை இந்தியர்களுக்குத் தெரியும் என்று முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானியர் பிளினி எழுதிவைத்துவிட்டார், தொழில் பழசு!

அக்வாமரின் என்பது பெரிலியம், அலுமினியம், சிலிக்கா சேர்ந்த பெரில். அதில் கலந்த சிறிதளவு இரும்புதான் நீலம் தருகிறது. அடர்த்தி சுமார் 2.7, டோபாஸுக்கு 3.5. நகைக்கடைத் தராசு ஒன்று போதும், இந்த வித்தியாசம் தெரிந்துவிடும். முதலில் கல்லை மட்டும் எடை போடுங்கள். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, மெல்லிய நைலான் நூலில் கல்லைக் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க முங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் கல்லின் எடையை வகுத்தால் அடர்த்தி. 10 கேரட் கல் 2 கிராம், முங்கியதும் 0.74 காட்டினால் பெரில், 0.57 காட்டினால் டோபாஸ், 0.55 என்றால் செயற்கை ஸ்பினல் என்ற வேறொரு கல்லாக இருக்கலாம்.

கல்லில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விடுங்கள். 2 கேரட்டுக்குக் கீழே 0.01 கிராம் தராசு போதாது. நகையில் பதித்த கல்லுக்கு இந்த வழி ஆகாது. கண்ணாடியிலும் குவார்ட்ஸிலும் சில இதே அடர்த்திக்கு வரும் என்பதால் பத்து மடங்கு லென்ஸிலும் பாருங்கள்: உருண்டைக் குமிழி தெரிந்தால் அநேகமாகக் கண்ணாடி, மழைக்கோடு போல இணையாக ஓடும் மெல்லிய குழாய்கள் பெரிலுக்கு உரியவை.

கண்ணாடியில் கீறிப் பார்ப்பது வீண். பெரில், டோபாஸ், குவார்ட்ஸ் மூன்றுமே கீறும்.

‘சூடு காட்டாத கல்’ என்று கூடுதல் விலை கேட்டால் தர வேண்டாம். 400 முதல் 450 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிப் பச்சை கலந்த மஞ்சளை நீக்குவது இந்தக் கல்லில் சாதாரணம். அந்த நீலம் நிலைத்து நிற்கும்; சூடாக்கியதா இல்லையா என்பதை ஆய்வகமே பெரும்பாலும் சொல்ல முடியாது. பயப்பட வேண்டியது மலிவாக வரும் மிக ஆழ்ந்த நீலப் பெரிலுக்கு. மாக்சிக்ஸே எனப்படும் அந்த வகை வெளிச்சத்திலேயே வெளுத்துவிடும்.

பட்டை தீட்டாத கல்லை ஈரமாகவோ எண்ணெய் தடவியோ காட்டினால் துடைத்துக் காயவைத்துப் பாருங்கள். ஈரம் மேற்பரப்பு விரிசலை மறைக்கும். தீட்டும்போது பாதிக்கு மேல் தூளாகப் போவது சகஜம் என்பதால், கச்சா எடைக்குக் கொடுக்கும் விலையை அதை வைத்தே கணக்கிடுங்கள்.

ராசிக்கல்லோடு இதைக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. நவரத்தினத்தில் அக்வாமரின் இல்லை. மார்ச் மாதத்துக்கு இது என்பது 1912-இல் அமெரிக்க நகை வியாபாரிகள் வகுத்த பட்டியல்.

பில்லில் ‘ப்ளூ ஸ்டோன்’ என்று மட்டும் எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ‘இயற்கை அக்வாமரின்’ என்ற பெயரும் கேரட் எடையும் இருக்க வேண்டும். பின்னால் மோதிரத்தில் பற்றவைக்க நேர்ந்தால் கல்லைக் கழற்றிவிட்டே ஊதச் சொல்லுங்கள். உள்ளே நீர்த்துளி அடைபட்ட கல் தீ பட்டதும் வெடித்துவிடலாம்.