ஒரே ஆள் கணினிப் பிரிவு: சுற்றுச்சூழல் ஆய்வு அறக்கட்டளையில் பணியாற்றுவோருக்கு

இருபது பேருக்கும் குறைவானவர்கள் பணிபுரியும் ஒரு சுற்றுச்சூழல் ஆய்வு அறக்கட்டளையில் கணினிப் பொறுப்புக்கென்று ஒருவர் சேர்ந்தால், அலுவலகப் பிரிண்டர், இணையதளம், களநிலையத்துச் சோலார் பேட்டரி, இயக்குநரின் மின்னஞ்சல் என அனைத்தும் அவரிடமே வந்து சேரும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கவனம் தர முயல்பவர் விரைவில் களைத்துவிடுவார். ஆகவே எதற்கு முதலிடம் என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பழுதான மடிக்கணினிக்கு மாற்று வாங்கிவிடலாம்; சென்ற ஆண்டு வடகிழக்குப் பருவமழையின்போது ஒரு சதுப்புநிலத்தில் எடுத்த பறவைக் கணக்கெடுப்பு தொலைந்தால், அதை எந்த நிதியைக் கொண்டும் திரும்ப எடுக்க முடியாது. களத்தரவுக்கு ஆபத்து தரக்கூடிய வேலை எதுவோ அதுவே அன்றைய முதல் வேலை. பிரிண்டர் காத்திருக்கலாம்.

சேர்ந்த முதல் வாரத்தில் புதிய கருவி எதையும் வாங்காமல், இருப்பதைக் கணக்கெடுங்கள். தரவு எந்தெந்த ஹார்ட் டிஸ்க்கில், யாருடைய மேசை இழுப்பறையில் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். இணையதள முகவரி யார் பெயரில் பதிவாகியுள்ளது, அதைப் புதுப்பிக்கக் கோரும் மின்னஞ்சல் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். முன்பு பயிற்சிக்கு வந்துபோன மாணவர் ஒருவரின் சொந்த ஜிமெயிலுக்குப் போவது அரிதன்று. இத்தகைய கணக்குகளை நிறுவனத்தின் பொது முகவரிக்கு மாற்றி, கடவுச்சொற்களைப் பிட்வார்டன் போன்ற ஒரு பெட்டகத்தில் வைத்து, அதன் திறவுகோலை உங்களைத் தவிர இன்னொருவரிடமும் கொடுத்துவைக்க வேண்டும். கூகுள், மைக்ரோசாப்ட் ஆகிய இரண்டும் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கு இலவசமாகவோ சலுகை விலையிலோ சேவை தருகின்றன. பதிவுச் சான்றிதழ்களுடன் விண்ணப்பித்தால் போதும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், அதில் இன்னும் இயங்கும் கணினிகளையும் இப்பட்டியலில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, களத்திலிருந்து அலுவலகம் வரை தரவு வரும் பாதை. பொறுமையோடு வகுக்க வேண்டியது இதுதான். ஆய்வாளர்கள் மரத்தில் கட்டிவைக்கும் ஆடியோமாத் போன்ற ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொள்வோம். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்ற அமைப்பில் அது இடைவிடாமல் பதிவு செய்தால் மணிக்கு ஏறத்தாழ 346 எம்.பி., நாளொன்றுக்கு 8.3 ஜி.பி. சேரும். பத்துக் கருவிகள் ஒரு மாதம் இயங்கினால் இரண்டரை டி.பி. ஆகிவிடும். மலையிலுள்ள களநிலையத்தில் 10 எம்.பி.பி.எஸ். பதிவேற்ற வேகம் தடையின்றிக் கிடைத்தாலும், அந்தப் பத்துக் கருவிகளின் ஒரு நாள் பதிவை மட்டும் அனுப்பப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேலாகும். எனவே எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கை அவரோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். பெரும்பாலான நிலையங்களில் ஹார்ட் டிஸ்க்கைப் பேருந்தில் கொடுத்தனுப்புவதுதான் இன்றும் விரைவான வழி.

அந்த வழியைப் பாதுகாப்பானதாக்குவது நம் பொறுப்பு. மெமரி கார்டிலிருந்து நிலையத்திலேயே இரண்டு டிஸ்க்குகளில் பிரதி எடுத்து, எஸ்.ஹெச்.ஏ. 256 முறையில் கோப்புகளின் கைரேகையை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறியை) ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்னரே கார்டை அழிக்க வேண்டும் என்பதை விதியாக எழுதி ஒட்டுங்கள். இரண்டு டிஸ்க்குகளும் ஒரே பையில் பயணம் செய்யக் கூடாது. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், அவற்றில் ஒன்று வேறு ஊரில் என்ற பழைய விதி இங்கும் பொருந்தும். பேக்கப் இருக்கிறது என்று நம்பிவிடாமல், மாதத்துக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு கோப்புறையை அதிலிருந்து மீட்டுத் திறந்து பாருங்கள். தானியங்கிக் கேமராக்களைப் பொறுத்தவரை, பேட்டரி மாற்றும்போது கடிகாரம் பழைய தேதிக்குத் திரும்பிவிடுவதே பெரிய தொல்லை. ஒவ்வொரு முறை பொருத்தும்போதும் சரியான நேரம் காட்டும் கைப்பேசித் திரையைக் கேமராவின் முன் பிடித்து ஒரு படம் எடுக்கச் சொன்னால், பிழை நேர்ந்தாலும் எவ்வளவு வேறுபாடு என்று அறிந்து, படக் கோப்பிலுள்ள தேதி, இடம் போன்ற விவரங்களைத் திருத்தும் எக்ஸிஃப்டூல் மென்பொருள் மூலம் எல்லாப் படங்களின் நேரத்தையும் ஒரே கட்டளையில் திருத்திவிடலாம்.

தாளில் எழுதி எக்ஸெலில் தட்டச்சு செய்யும் பழக்கம் இருந்தால், இணையம் இல்லாத இடத்திலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இயங்கும் ஓ.டி.கே. அல்லது கோபோ டூல்பாக்ஸ் படிவங்களுக்கு மெல்ல மாற்றுங்கள். ஊர்ப் பெயர், இனப்பெயர் ஆகியவற்றைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைத்தாலே, ஒரே ஊர் மூன்று எழுத்துக்கூட்டலில் பதிவாவது நின்றுவிடும். தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருக்கட்டும். 03/04 என்பது ஏப்ரலா மார்ச்சா என்று பத்தாண்டு கழித்து யாராலும் சொல்ல முடியாது. பழைய நேர்காணல் பதிவுகள் பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் இருக்கக்கூடும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கிலக் குறிகளாகவே தெரியும் என்பதால், முதலில் மூலத்தைத் தொடாமல் ஒரு பிரதியை யூனிகோடுக்கு மாற்றிவையுங்கள்.

வரைபட வேலை உங்களுடையதல்ல என்றாலும், அதில் சிக்கல் வந்தால் உங்களிடம்தான் வருவார்கள். யு.டி.எம். என்பது பூமியை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் இடத்தை மீட்டர் எண்களில் குறிக்கும் முறை. அதன் மண்டலங்கள் 43, 44 ஆகியவற்றைப் பிரிக்கும் 78 பாகைத் தீர்க்கக்கோடு தமிழ்நாட்டின் ஊடே செல்கிறது. திருநெல்வேலி 43இல் இருக்கிறது, தூத்துக்குடி 44இல் இருக்கிறது; ஆகவே தாமிரபரணியை மலையிலிருந்து கடல் வரை ஆராயும் திட்டம் இரண்டிலும் விழும். மண்டலத்தைக் குறிக்காமல் எண்களை மட்டும் எழுதிவைத்தால், திருநெல்வேலிக் குளம் ஒன்று இலங்கைக்கும் கிழக்கே வங்கக் கடலில் போய் உட்கார்ந்துவிடும். களப்பதிவுகளில் அட்சரேகை, தீர்க்கரேகைகளையே தசமப் பாகையாக வைத்துக்கொண்டு, பரப்பளவு கணக்கிடும்போது மட்டும் யு.டி.எம். முறைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவத்தில் அட்டவணையின் நெடுவரிசைத் தலைப்புகள் பத்து எழுத்துகளோடு வெட்டப்பட்டுவிடும் என்பதால், க்யூஜிஸ் வரைபட மென்பொருளில் ஜியோபேக்கேஜ் வடிவத்தைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

சில தரவுகளை இழப்பதைவிட வெளியே விடுவது ஆபத்தானது. கடத்தலுக்கு ஆளாகும் நட்சத்திர ஆமையின் இருப்பிடம் இணையதள வரைபடத்தில் துல்லியமாகத் தெரிந்தால், ஆய்வே வேட்டைக்கு வழிகாட்டியாகிவிடும். பொதுமக்கள் தாம் கண்ட உயிரினங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் அழிவாபத்துள்ள இனங்களின் இடத்தை 0.2 பாகைக் கட்டத்துக்குள் மங்கலாக்கிக் காட்டுகிறது. உங்கள் சொந்தத் தளம் தானாக அப்படிச் செய்யாது. வெளியிடும் படங்களிலிருந்து இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள். மீனவர்களிடமும் விவசாயிகளிடமும் எடுத்த நேர்காணல்கள் தனிநபர் தரவு என்பதால், 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனத்தில் கொண்டு, பெயர்களைத் தனிக் கோப்பில், குறைந்த பேருக்கு மட்டும் அனுமதியளித்து வையுங்கள்.

கருவிகள் வாங்குமுன் சட்டத்தையும் பார்க்க வேண்டும். தொலைவிலுள்ள உணரிகளின் அளவீடுகளைக் குறைந்த மின்சக்தியில் வானொலி அலை வழியே அனுப்பும் லோரா பலகைகளில், இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்தக்கூடிய 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குபவற்றையே வாங்குங்கள். இணையக் கடைகளில் 915 மெகாஹெர்ட்ஸ் பலகைகள் மலிவாகக் கிடைக்கும், ஏமாறாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் ஆய்வாளர்களிடம், செயற்கைக்கோள் தொலைபேசியையோ இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவியையோ அனுமதியின்றிக் கொண்டுவர வேண்டாம் என்று பயணத்துக்கு முன்பே எழுத்து வடிவில் தெரிவித்துவிடுங்கள். விமான நிலையத்தில் பிடிபட்டு வழக்கைச் சந்தித்தவர்கள் உண்டு.

கடைசியாகப் பணம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம், நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. உங்கள் ஊதியமும் டிஸ்க்குகளின் விலையும் எந்தத் தலைப்பில் சேர்கின்றன என்பது இதனால் முக்கியமாகிறது. ஆய்வையே முதன்மைப் பணியாகக் கொண்ட அமைப்புகளில் களத்தரவைச் சேகரிப்போர், பகுப்பாய்வோர் ஆகியோரின் ஊதியத்தை நிர்வாகச் செலவாகக் கருதாமல் விதிகள் விலக்களிக்கின்றன. உங்கள் பணியில் எந்தப் பகுதி இதில் அடங்கும் என்பதைத் தணிக்கையாளரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிதி கோரும் விண்ணப்பம் தயாராகும் கட்டத்திலேயே அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து, தரவுச் சேமிப்புக்கென்று தனி வரி ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். திட்டம் மூன்றாண்டுகளில் முடிந்துவிடும், ஆனால் ஹார்ட் டிஸ்க்குகளை அதற்குப் பின்னும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். அந்தச் செலவை முன்கூட்டியே கேட்டு வாங்கினால்தான் உண்டு.