பெல் ராக் விளக்குக்காரரைத் தேடும்போது

என் மனைவியின் கொள்ளுத்தாத்தா ஸ்காட்லாந்தின் பெல் ராக் கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்தவர். அவரைத் தேடி நான் நேராகக் கோபுரத்துக்கே போனது தப்பு. 1811-இல் ஏற்றிய அந்த விளக்கு நடுக்கடல் பாறையில் நிற்கிறது. குடும்பங்கள் குடியிருந்ததோ கரையில், ஆர்பிரோத் ஊரில். ஆகவே ஆர்பிரோத் மக்கள்தொகைக் கணக்கில் மனைவி, பிள்ளைகளைத் தேடுங்கள். ஆள் வீட்டில் இல்லையென்றால் பதறாதீர்கள், பாறையில் இருந்திருப்பார்!

அடுத்து, 1855-க்குப் பிந்தைய ஸ்காட்லாந்து இறப்புப் பதிவை எடுங்கள். தாய் தந்தை இருவர் பெயரும், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரும் அதில் உண்டு. ஒரே தாளில் ஒரு தலைமுறை ஏறிவிடலாம்.

விளக்குக்காரர் வேலை ஊர் ஊராக மாற்றப்படும் வேலை. பிள்ளைகள் பிறந்த ஊர்களை வரிசையாக எழுதினால், அவர் பணியாற்றிய விளக்குகள் ஓரளவு பிடிபடும். பிறகு எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்த விளக்குகளை நிர்வகிக்கும் வடக்குக் கலங்கரை விளக்க வாரியத்தின் பழைய ஆவணங்களைக் கேளுங்கள்.