வேடந்தாங்கலில் வெண்கொக்கு பார்ப்பது எப்படி

வேடந்தாங்கலுக்கு வருகிறவர்களில் பலர் பத்து மணிக்குக் கரையேறி, மரமெல்லாம் வெள்ளையாக இருப்பதைப் பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். ஏரி, கொக்குகள் கூடு கட்டும் இடம். அவை மீன் பிடிப்பதைச் சுற்றியுள்ள வயல்களிலும் குட்டைகளிலும்தான் பார்க்க முடியும். அதனால் காலையில் வயல், மாலையில் கரை என்று பிரித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம்.

விடிந்ததும் மதுராந்தகம் பக்கம் சேற்றுழவு நடக்கும் வயலையோ வற்றிவரும் குட்டையையோ தேடுங்கள். கணுக்கால் அளவுத் தண்ணீர் போதும். ஆழம் கூடினால் சின்னக்கொக்கு இறங்காது. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். காரில் வந்தால் இறங்காமல் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாருங்கள். வண்டிக்குப் பழகிய கொக்கு, மனிதன் எழுந்து நின்றதும் பறந்துவிடும். 8x42 பைனாகுலர் போதுமானது.

இனம் பிரிக்க உயரத்தை நம்ப வேண்டாம், தனியாக நிற்கும் பறவையில் அது ஏமாற்றும். கறுத்த அலகு, கறுத்த கால், மஞ்சள் பாதம் என்றால் சின்னக்கொக்கு. குட்டையான மஞ்சள் அலகோடு மாட்டையும் டிராக்டரையும் தொடர்வது உண்ணிக்கொக்கு. பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும் வாய்ப்பிளவைப் பாருங்கள்: கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரியது, கண்ணுக்குக் கீழேயே நின்றால் நடுத்தரம். அலகின் நிறத்தை வைத்து இந்த இரண்டையும் பிரிக்கப் பார்த்தால் தவறிவிடும், ஏனென்றால் இனப்பெருக்கக் காலத்தில் இரண்டின் மஞ்சள் அலகும் கறுத்துவிடும்.

பிறகு ஒரே ஒரு சின்னக்கொக்கைத் தேர்ந்தெடுத்து, இருபது நிமிடமாவது அதையே பாருங்கள். ஒரு காலைச் சற்றே முன்னால் நீட்டி, சேற்றில் பாதத்தைக் கிடுகிடுவென நடுக்கும். ஒளிந்திருந்த மீன்குஞ்சு அசைந்ததும் கழுத்து பாயும். பெரிய கொக்கு இப்படிக் கலக்குவது அரிது. அது அசையாமல் நின்றே பிடிக்கும்.

மாலை நான்கு மணிக்குக் கரைக்கு வந்துவிடுங்கள். வயலுக்குப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும். கழுத்தை மடக்கிப் பறப்பது கொக்கு, நீட்டிப் பறப்பது நத்தைகுத்தி நாரை. கூட்டில் ஜோடிப் பறவைகள் ஒன்றுக்கொன்று முறை மாறி அமரும்போது முதுகுத் தூவிகள் விசிறியாக விரியும். எதிர்வெயிலில் இழை இழையாகத் தெரியும். நூறாண்டுகளுக்கு முன் ஐரோப்பியப் பெண்களின் தொப்பிக்காக உலகெங்கும் கொக்குகளைக் கொன்றது இந்தத் தூவிக்காகத்தான். அதை உயிருள்ள பறவையின் முதுகில் பார்ப்பது பெரும் பேறு.

படமெடுப்பவர்களுக்கு ஒன்று: பின்னணி இருட்டாக இருந்தால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறகு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறையுங்கள். பறக்கும்போது ஷட்டர் 1/2000 வேண்டும்.

கொக்கு இரை தேடுவதை நிறுத்திக் கழுத்தை நேராக நிமிர்த்தினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். கூட்டின் பக்கம் கைதட்டுவதும் ட்ரோன் விடுவதும் கூடவே கூடாது. தாய்ப்பறவை எழுந்த சில நொடிகளிலேயே காகம் முட்டையைத் தூக்கிவிடும்.

வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் ஏரி நிரம்பாது, கூடும் இருக்காது. கிளம்பும் முன் தண்ணீர் நிலையை வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.