தைரொயிட் உள்ளாக்கள் சிங்க், செலனியம் போத்தல் வாங்க முதல் பாக்க வேண்டியது

போன வருசம் தம்பி கட்டார்ல இருந்து அனுப்பின பார்சல்ல சவர்க்காரம், பால்மா, பேரீச்சம்பழத்தோட ஒரு வெள்ளைப் போத்தலும் வந்திச்சு. "அக்கா, மாமிக்கு தைரொயிட் எண்டீங்களே, இத ஒவ்வொரு நாளும் ஒண்டு குடுங்க" எண்டு வொய்ஸ் போட்டிருந்தான். மாமி அடுத்த நாள் விடியவே அதையும், தைரொயிட் ஹோர்மோன் குறைவுக்கு எண்டு தந்த தைரொக்சின் குளிசையையும் ஒண்டா உள்ளங்கையில வெச்சு, பால் தேத்தண்ணியோட விழுங்கிட்டா. ரெண்டு மாசம் அப்படியே போயிருக்கு. மறுகா கிளினிக்ல ரத்தம் எடுத்துப் பாத்தா டிஎஸ்எச் (தைரொயிட் ஹோர்மோன் குறைஞ்சா இது ஏறும்) 9க்கு மேல, அதுக்கு முதல் 3 தான் இருந்திச்சு. டொக்டர் டோஸ் கூட்ட எழுதப் போனவர், நல்லவேளை "வேற ஏதும் குளிசை எடுக்கிறீங்களா அம்மா" எண்டு ஒரு வார்த்த கேட்டார். அதாலதான் விசயம் வெளிய வந்திச்சு. அந்தப் போத்தல வெச்சித்தான் நானும் இதெல்லாம் படிச்சன், அதால அதையே வெச்சிச் சொல்லுறன்.

முதல்ல போத்தல் வாங்குற வேல இல்ல, ரத்தம் செக் பண்ணுற வேல. முடி கொட்டுது, அலுப்பா கிடக்கு, உடம்பு வெக்குது எண்ட உடனே தைரொயிட்டுக்கு எண்டு ஏதாவது வாங்கிக் குடிக்காதீங்க. தைரொயிட் குறைஞ்சாலும் முடி கொட்டும், சிங்க் குறைஞ்சாலும் கொட்டும், ரத்தத்துல இரும்பு குறைஞ்சாலும் கொட்டும், மூண்டுக்கும் மருந்து வேற வேற. தைரொயிட்டுக்கு டிஎஸ்எச், ஃப்ரீ டி4 (ரத்தத்துல உள்ள தைரொயிட் ஹோர்மோன்) ரெண்டும் பாத்தா போதும், தேவையெண்டா உடம்பு தன்ட தைரொயிட்டையே தாக்குதா எண்டு பாக்கிற அன்டிபொடி டெஸ்ட் எழுதுறத டொக்டர் முடிவெடுப்பார். கழுத்துல வீக்கம், குரல் கரகரப்பு, விழுங்கக் கஷ்டம், நெஞ்சு படபடப்பு இருந்தாலோ, பிள்ளத்தாச்சியா இருந்தாலோ ஒரு நாளும் பிந்த வேணாம், நேர டொக்டர்கிட்டப் போங்க.

இப்ப போத்தலுக்கு வருவம். முன்பக்கத்துல பெருசா போட்டிருக்கிறத விட்டுட்டு பின்பக்கம் திருப்புங்க. மாமிட போத்தல்ல முன்னுக்கு "சிங்க் 50". பின்னுக்குப் பொடி எழுத்துல சிங்க் 50 மில்லிகிராம், இரும்பு 18, கல்சியம் 200, செலனியம் 200 மைக்ரோகிராம், அயடின் 150 மைக்ரோகிராம். வளந்த பொம்பிளைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய சிங்க் 8 மில்லிகிராம்தான், ஆம்பிளைக்கு 11. சாப்பாடு, குளிசை எல்லாத்தையும் சேத்து 40க்கு மேல போகக்கூடாது எண்டது மேல் எல்லை. டொக்டர் ஒரு வருத்தத்துக்கு எண்டு குறிச்ச காலத்துக்குத் தந்தா அது வேற கதை. ஒரு குளிசையிலயே 50 எண்டா நாங்களா ஒவ்வொரு நாளும் விழுங்குற சாமான் இல்ல அது. கனக்க நாள் கூடுதலா சிங்க் எடுத்தா குடல்ல செம்பு உறிஞ்சுறது குறையும், செம்பு குறைஞ்சா ரத்தசோகை வரும், வெள்ளை அணு குறையும், காலெல்லாம் விறைக்கத் தொடங்கும். ஆக்கள் அத சீனி வருத்தத்தால எண்டு நினைச்சிட்டு இருந்துருவாங்க.

இன்னொரு விசயம், இதுலதான் கனபேர் ஏமாறுற. "சிங்க் குளுக்கோனேட் 50 மில்லிகிராம்" எண்டு போட்டிருந்தா அந்த 50 முழுக்க சிங்க் இல்ல, அதுல சிங்க் கிட்டத்தட்ட 7 மில்லிகிராம்தான். சிங்க் சல்பேட் 220 மில்லிகிராம் கப்சூல்ல உள்ள சிங்க் 50. ஆனா "சிங்க் 50, குளுக்கோனேட் வடிவத்துல" எண்டு எழுதியிருந்தா அது முழு 50. ரெண்டு வரிக்கும் ஏழு மடங்கு வித்தியாசம் பாருங்க. அதால எலிமென்டல் சிங்க், அதாவது உள்ளுக்கு உள்ள தனி சிங்க், எவ்வளவு எண்டு பாமசியில கேட்டு வாங்குங்க, வெட்கப்பட வேணாம். குளுக்கோனேட், சிட்ரேட் எதுவும் பரவாயில்ல, ஒக்சைட் எண்டா உடம்பு குறைவாத்தான் எடுக்கும். டொக்டர் சிங்க் எடுக்கச் சொல்லி அளவு குறிச்சுத் தராட்டி 8, 10, 15 மில்லிகிராம் உள்ள ஒண்டு தாராளம். வீட்டுல பிள்ளையளுக்கு வயித்தோட்டம் வந்தப்ப தந்த 20 மில்லிகிராம் கரையிற குளிசை மிச்சம் கிடந்தா அத நீங்க எடுத்துக் குடிக்காதீங்க, அது பிள்ளையளுக்கு 10லிருந்து 14 நாளைக்கு மட்டும் குடுக்கிறது.

செலனியம் தைரொயிட்டுக்கு உண்மையிலேயே வேணும், டி4 ஹோர்மோன உடம்பு பாவிக்கிற டி3 ஆ மாத்துற நொதியங்கள் அத வெச்சித்தான் வேல செய்யுது. ஆனா தேவை 55 மைக்ரோகிராம்தான், மேல் எல்லை 400. 200 உள்ள குளிசை, அதோட லண்டன்ல இருந்து யாரும் கொண்டு வாற பிரேசில் நட்ஸ் நாளைக்கு மூண்டு நாலு எண்டா எல்லைய இலேசா தாண்டிரும், ஏனெண்டா அதுல ஒரு கொட்டையிலயே 70, 90 மைக்ரோகிராம் இருக்கலாம். கூடினா நகம் உடையும், முடி கொட்டும், வாயில உள்ளி மணம் வரும். எங்களுக்கு அந்தக் கொட்ட தேவையும் இல்ல. சூரை மீன் ஒரு துண்டு, முட்டை ஒண்டு சாப்பிட்டா அண்டைய செலனியம் பெரும்பாலும் வந்துரும். சிங்குக்கு நண்டு, மாட்டிறைச்சி, இறால், கஜு. மட்டக்களப்பு வாவிய வெச்சிட்டு சிங்குக்குப் போத்தல் தேடுறது எனக்கு உண்மையிலேயே மனக்கஷ்டமா இருக்கு. மரக்கறி மட்டும் சாப்பிடுறாக்கள் பயறு, கடலை, கௌபிய ஊற வெச்சு முளைக்கட்டிச் சமைங்க, அப்பதான் அதுல உள்ள சிங்க உடம்பு கூட எடுக்கும்.

அயடின் பத்தி ஒள்ளுப்பம் கூடச் சொல்லணும், ஏனெண்டா இதுல பயம் ரெண்டு பக்கமும் இருக்கு. இலங்கையில 1995ல இருந்து உப்புல அயடின் சேக்கிறது சட்டம். ஒரு கிலோ உப்புல 15லிருந்து 30 மில்லிகிராம் அயடின் இருக்கும் எண்டு வெச்சா, நாளைக்கு 5 கிராம் உப்புல 75லிருந்து 150 மைக்ரோகிராம் கிடைக்கும். பெரியாக்களுக்குத் தேவை 150. மிச்சத்த கடல் மீன், முட்டை, பால் பாத்துக்கொள்ளும். பிள்ளத்தாச்சிக்கும் பால் குடுக்கிற தாய்க்கும் 250 வேணும், அவங்க கிளினிக்ல கேக்கணும். நாங்க செய்யுற பிழ என்னெண்டா, அடுப்பங்கரையில திறந்த சட்டியில உப்ப வெச்சு, ஆவி பட்டு ஈரமாகி, அயடின் போயிரும். மூடி உள்ள போத்தல்ல போட்டு அடுப்புக்குத் தள்ளி வைங்க, கறி இறக்கக்குள்ள உப்புப் போடுங்க. கல்லுப்பு வாங்கினாலும் அயடின் கலந்தது எண்டு பக்கற்றுல இருக்கா எண்டு பாருங்க. பிங்க் சோல்ட்ல அயடின் இல்லாத மாதிரித்தான்.

அதுக்காக அயடின் சொட்டு மருந்து, கடல்பாசி கப்சூல் எண்டு தேடிப் போகாதீங்க. அன்டிபொடியால வாற தைரொயிட் வருத்தத்துக்கு கூடுதல் அயடின் நிலைமைய மோசமாக்கலாம், கடல்பாசியில எவ்வளவு அயடின் எண்டு போத்தலுக்குப் போத்தல் மாறும். "தைரொயிட் சப்போர்ட்" எண்டு வாற சில கப்சூல்கள சோதிச்சுப் பாத்தப்ப உள்ளுக்கு தைரொயிட் ஹோர்மோனே இருந்திருக்கு, நெஞ்சு படபடக்காம என்ன செய்யும். கோவா, மரவள்ளி சாப்பிடவே கூடாது எண்டு சொல்லுறாங்க, அயடின் சரியா கிடைக்கிறாக்கள் நல்லா அவிச்சு அளவா சாப்பிட்டா பயமில்ல.

இனி நேரம். மாமிட டிஎஸ்எச் ஏறினதுக்குக் காரணமே இதுதான். கல்சியம், இரும்பு, சிங்க் மாதிரி சாமான் வயித்துக்குள்ள தைரொக்சினோட சேந்தா, மருந்துல ஒரு பங்கு ரத்தத்துக்குப் போகாம வெளிய போயிரும். இப்ப மாமி 5 மணிக்கு எழும்பி வெறும் பச்சத் தண்ணியோட தைரொக்சின் மட்டும் குடிக்கிறா, 6 மணிக்குத்தான் தேத்தண்ணி. அந்த ஒரு மணித்தியாலம்தான் அவக்குக் கஷ்டம், முத்தம் கூட்டி நேரத்தப் போக்குறா. மினரல் குளிசை ஏதும் இருந்தா குறைஞ்சது 4 மணித்தியாலம் கழிச்சு, பகல் சோத்துக்குப் பிறகு. சிங்க வெறும் வயித்துல குடிச்சா ஓங்காளிக்கும். இரும்பும் தாறாங்க எண்டா அத இரவைக்கு மாத்துங்க, ரெண்டும் ஒண்டை ஒண்டு தடுக்கும், தேத்தண்ணியோட மட்டும் இரும்பு வேணாம். சிப்ரோ, டொக்சி மாதிரி அன்டிபயோட்டிக் தந்தா அந்தக் கொஞ்ச நாளைக்கு சிங்க நிப்பாட்டுறது நல்லம். நோன்பு காலத்துல காத்தான்குடி, சாய்ந்தமருதுப் பக்கம் இருக்கிறாக்கள் தைரொக்சின படுக்கப் போகக்குள்ள, சாப்பிட்டு 3 மணித்தியாலத்துக்குப் பிறகு எடுக்கலாமா எண்டு முதலே டொக்டர்கிட்டக் கேட்டு வைங்க.

வெளிநாட்டுப் பார்சல்ல வாற போத்தல் எங்கட ஔடத அதிகாரசபையில பதிஞ்சதா இராது. அத எடுக்கிறதெண்டா யூஎஸ்பி (USP, மருந்துத் தரம் பாக்கிற அமெரிக்க அமைப்பு) மாதிரி வெளியாக்கள் சோதிச்ச முத்திரையும் காலாவதித் திகதியும் இருக்கா எண்டு பாருங்க. முடிக்கு எண்டு விக்கிறதுல பயோட்டின் இருந்தா ரத்தம் எடுக்க ரெண்டு மூண்டு நாளைக்கு முதலே நிப்பாட்டுங்க, இல்லாட்டி ரிப்போட் பிழையா வரும், தைரொயிட் கூடிப்போன மாதிரிக் காட்டும்.

நாங்க அந்தப் போத்தல நிப்பாட்டி, டோஸ் கூட்டாமலே 8 கிழமையால திரும்ப செக் பண்ணினம், டிஎஸ்எச் 3.4. இப்ப கிளினிக்குக்குப் போகக்குள்ள வீட்டுல கிடக்குற எல்லாப் போத்தலையும், நாட்டு மருந்துப் பக்கற்றையும் சேத்து ஒரு ஷொப்பிங் பேக்குல போட்டுக்கொண்டு போறம், டொக்டர் ஒவ்வொண்டா எடுத்துப் பின்பக்கத்த வாசிக்கிறார்.