டிசம்பர் பிறந்ததும் கிறிஸ்துமஸ்: திருவருகைக்காலத்தை வீட்டில் காக்கும் வழி

நவம்பர் கடைசியிலேயே கடைத்தெருவில் நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்துவிடும். டிசம்பர் 10 தாண்டினால் பள்ளியில் ஒரு விழா, அலுவலகத்தில் ஒரு கேக், அன்பியத்தில் (கோவிலைச் சேர்ந்த அக்கம்பக்கக் குடும்பக் குழு) ஒரு கூட்டம், இரவில் கேரல் ரவுண்ட்ஸ். 25ஆம் தேதி வருவதற்குள் பிள்ளைகள் நாலைந்து கிறிஸ்துமஸ் பார்த்து முடித்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாலோ பீடத்தில் ஊதாத் துணி, ‘உன்னதங்களிலே’ கீதம் இல்லை, பூ அலங்காரமும் அளவோடுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இந்த நான்கு ஞாயிறுகளின் காலம்தான் திருவருகைக்காலம்; கோவில் காத்திருக்கச் சொல்கிறது. ஊர் கொண்டாடச் சொல்கிறது.

ஊரைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். பள்ளி விழாவுக்குப் பிள்ளையை அனுப்பாமல் நிறுத்தினால் அதற்குத் திருவருகைக்காலம் என்றாலே தண்டனை என்றுதான் மனதில் பதியும். வீட்டுக்குள் எது எந்தத் தேதியில் வரும் என்பதை மட்டும் குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்துகொண்டால் போதும்.

முதலில் காலண்டர்

திருவருகைக்காலத்துக்கு நான்கு ஞாயிறுகள் உண்டு, ஆனால் முழுதாக நான்கு வாரம் எல்லா ஆண்டும் கிடைக்காது. 2026இல் நவம்பர் 29 அன்று தொடங்குகிறது, 26 நாள். 2028இல் டிசம்பர் 3 அன்றுதான் தொடக்கம். நான்காம் ஞாயிறும் டிசம்பர் 24உம் ஒரே நாள், மொத்தம் 22 நாள்தான். அப்படிப்பட்ட ஆண்டில் “நாலாவது வாரத்தில் குடில் வைத்துக்கொள்ளலாம்” என்று விட்டால் நாலாவது வாரமே இருக்காது.

இந்தக் காலத்துக்குள்ளேயே இரண்டு பகுதிகள் உண்டு. டிசம்பர் 16 வரை திருவழிபாட்டின் கவனம் ஆண்டவரின் இரண்டாம் வருகையிலும் மனமாற்றத்திலும் இருக்கும். முதல் ஞாயிறு நற்செய்தி ‘விழிப்பாயிருங்கள்’ என்கிறது, அடுத்த இரண்டு ஞாயிறும் திருமுழுக்கு யோவான். 17 முதல் 24 வரை வாசகங்கள் நேராகப் பிறப்பை நோக்கித் திரும்புகின்றன. வீட்டு ஏற்பாட்டையும் இதே கோட்டில் பிரித்துவிடுங்கள். 16 வரை திருவருகை வளையமும் (ஞாயிறுக்கு ஒன்றாக நான்கு திரிகள் ஏற்றும் வட்டம்) செபமும் மட்டும். 17இலிருந்து குடில், விளக்கு, பலகாரம்.

இடையில் நடக்கும் திருநாள்களை அடக்கி வாசிக்க வேண்டாம். டிசம்பர் 3 சவேரியார் திருநாள், கோட்டாறு பக்கத்தாருக்கு அது பெரிய நாள். டிசம்பர் 8 அமலோற்பவ மாதா பெருவிழா. அன்று பூசையில் ‘உன்னதங்களிலே’ கூடப் பாடப்படும். அன்று வீட்டில் பாயசம் வைத்தால் தவறே இல்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலான கத்தோலிக்கர் பின்பற்றும் இலத்தீன் வழிபாட்டு முறையில் இந்தக் காலத்துக்கென்று தனியாகக் கட்டாய நோன்பும் கிடையாது, இது தவக்காலம் அல்ல. கேரளத்துக் கத்தோலிக்க மரபான சீரோ மலபார் வீட்டில் சம்பந்தம் செய்தவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு: அங்கே டிசம்பர் 1இலிருந்து கிறிஸ்துமஸ் வரை இறைச்சி தவிர்க்கும் ‘25 நோன்பு’. மருமகள் அந்த மரபிலிருந்து வந்தவர் என்றால் மாமியார் 10ஆம் தேதி மட்டன் வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

துணிமணியை நவம்பரிலேயே முடியுங்கள்

திருவருகைக்காலத்தைத் தின்று தீர்ப்பது பார்ட்டிகள் அல்ல, கடைக்கு அலைவதுதான். மூன்று ஞாயிறு மாலைகள் ஜவுளிக்கடையில் போனால் வளையம் ஏற்ற ஆள் இருக்காது. கிறிஸ்து அரசர் ஞாயிறை, அதாவது முதல் திருவருகை ஞாயிறுக்கு முந்தைய ஞாயிறை, கடைசித் தேதியாக வைத்துக்கொள்ளுங்கள். துணி, நட்சத்திரம், மெழுகுதிரி, பரிசுப் பொருள் எல்லாம் அதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். தையலுக்குக் கொடுப்பதும் அப்படியே. டிசம்பர் பாதியில் ரவிக்கைத் துணியை நீட்டினால் தையல்காரர் வாங்கவே மாட்டார்.

வளையம்

திருவருகை வளையம் லுத்தரன் சபையிலிருந்து வந்த வழக்கம். 1839இல் ஹாம்பர்க்கில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய யோஹான் விஷெர்ன் என்ற போதகர் ஒரு மரச் சக்கரத்தில் திரிகளை நட்டு ஏற்றினார். கத்தோலிக்கர் பின்னால் எடுத்துக்கொண்டோம்.

முப்பது சென்டிமீட்டர் அகல எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றை எடுத்து, இரண்டு விரல்கடை உயரத்துக்கு ஈர மணல் பரப்பி, விளிம்போரமாக மூன்று ஊதாத் திரிகளும் ஒரு ரோஜா நிறத் திரியும் நடுங்கள். நிறத் திரி கிடைக்காவிட்டால் வெள்ளைத் திரியின் அடியில் நிற ரிப்பன் கட்டலாம். மேல்பாதியில் கட்டினால் திரி இறங்கும்போது ரிப்பன் பற்றிக்கொள்ளும். சுற்றிலும் வைக்கப் பெரும்பாலோர் சவுக்குக் கொப்பைத்தான் ஒடிக்கிறார்கள். பார்க்க அழகு, ஆனால் நான்கைந்து நாளில் காய்ந்து, ஒரு பொறி பட்டால் மளமளவென்று எரியும். குரோட்டன்ஸ் இலை நல்லது. ஈர மணலில் ஒரு வாரம் தாங்கும், ஞாயிறுதோறும் மாற்றிவிடலாம்.

முதல் திரி கடைசி நாள்வரை தினமும் எரிய வேண்டும். இரவுச் செபத்துக்குப் பத்து நிமிடம் என்றால்கூட மொத்தம் சுமார் நான்கு மணி நேரம். பிறந்தநாள் திரி போன்ற ஒல்லித் திரி இரண்டாம் வாரமே தீர்ந்துவிடும், தடித்த திரியாக வாங்குங்கள். ரோஜா நிறத் திரி மூன்றாம் ஞாயிறுக்கு. அதுதான் மகிழ்ச்சி ஞாயிறு. ஏற்றுவதற்கு முன் மின்விசிறியை நிறுத்துங்கள். சொல்லவே வேண்டாத விஷயம் என்று தோன்றும், ஆனால் காற்றில் திரி ஒருபக்கமாக உருகி மெழுகு தாம்பாளத்துக்கு வெளியே வழிவது இதனால்தான்.

செபத்தை நீட்டாதீர்கள். அன்றைய நற்செய்தி, ஒரு பர மண்டல மந்திரம், ஒரு பாட்டு போதும். அரைமணி நேரம் என்று திட்டமிட்ட வீடுகளில் டிசம்பர் 8க்குப் பிறகு யாரும் ஏற்றுவதில்லை.

நட்சத்திரமும் குடிலும்

வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் விடாது. 1ஆம் தேதி கட்டிய காகித நட்சத்திரம் 20ஆம் தேதி கந்தலாகத்தான் இருக்கும். ஆகவே 17ஆம் தேதி கட்டுவது வழிபாட்டுக்கும் பொருந்தும், வானிலைக்கும் பொருந்தும். பிள்ளைகள் தெரு முழுக்க நட்சத்திரம் எரிவதைப் பார்த்து ஏங்கினால் பிளாஸ்டிக் நட்சத்திரத்தை முன்பே கட்டி, விளக்கை மட்டும் 17இல் போடுங்கள். காகித நட்சத்திரத்துக்குள் பழைய குண்டு பல்பு வேண்டாம், காகிதம் கருகும். சிறிய எல்இடி பல்பே தாராளம்.

குடிலுக்குப் பச்சைப்புல் வளர்ப்பவர்கள் தேதியில்தான் தவறுகிறார்கள். கேழ்வரகை ஒரு கைப்பிடி இரவு ஊறவைத்து, அடியில் துளையிட்ட தட்டில் இரண்டு விரல்கடை மண் பரப்பி நெருக்கமாகத் தூவி, முளைவிடும்வரை ஈரத்துணியால் மூடி வையுங்கள். பிறகு வெளிச்சத்தில் வைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் பத்து நாளில் விரல் நீளம் வரும். டிசம்பர் 13 வாக்கில் தூவினால் 24க்குச் சரியாக இருக்கும். 1ஆம் தேதியே தூவினால் மஞ்சளடித்துச் சாய்ந்துவிடும். தண்ணீர் தேங்கினால் பூஞ்சை பிடித்துக் குடிலே நாறும்.

குடிலை ஒரே நாளில் முடிக்காதீர்கள். 17இல் குடிசையும் மலையும். இரண்டு நாள் கழித்து மாடு, கழுதை. 22 வாக்கில் மாதா, சூசையப்பர் சுரூபங்களை வீட்டின் வேறு மூலையிலிருந்து நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி 24 மாலை குடிலுக்குள் கொண்டுவாருங்கள். இதைச் செய்யப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள். பாலகன் சுரூபம் நள்ளிரவுப் பூசை முடிந்து வந்த பிறகு, வீட்டின் கடைக்குட்டி கையால். அதுவரை அலமாரியில் பூட்டி வையுங்கள். வெளியே கிடந்தால் யாராவது ஒருவர் “சும்மா பார்க்க” வைத்துவிடுவார், அத்தோடு காத்திருப்பு முடிந்தது. வைக்கோல், காகித மலை, சீரியல் விளக்கு மூன்றும் ஒன்றாக இருக்கும் இடம் இது. பூசைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

பாலகனைக் கிடத்தும் தீவனத்தொட்டியை மட்டும் முதல் ஞாயிறே வளையத்தருகில் வைத்துவிடலாம். ஒரு நற்செயலுக்கு ஒரு வைக்கோல் என்று பிள்ளைகள் போடட்டும். யார் எத்தனை போட்டார்கள் என்று எண்ணக் கூடாது. எண்ண ஆரம்பித்தால் அண்ணனும் தங்கையும் சண்டை போட்டுக்கொண்டே நற்செயல் செய்வார்கள்.

கேரல் வந்தால்

பங்குக் கோவிலிலிருந்து பாடகர்கள் 12ஆம் தேதியே வந்து “ராஜா பிறந்தார்” என்று பாடினால் முகம் சுளிக்க வேண்டாம். வாசல் விளக்கைப் போட்டு, வரவேற்று, காணிக்கையும் ஆளுக்கொரு காப்பியும் கொடுத்து அனுப்புங்கள். சில குழுக்கள் பாலகன் சுரூபத்தையே ஏந்தி வரும். “நம்ம குடில் மட்டும் ஏன் காலி?” என்று பிள்ளை கேட்கும். “அவர்கள் செய்தி சொல்ல வந்தவர்கள், நம் வீட்டுக்கு அவர் வருவது 25” என்றால் புரிந்துகொள்ளும். அன்பியப் பொறுப்பில் இருப்பவர்கள் பங்குத்தந்தையிடம் பேசி ரவுண்ட்ஸை 17க்குப் பிறகு வைக்கக் கேட்கலாம். பெரிய பங்குகளில் தெருக்கள் அதிகம், நாள் போதாது. அப்போது முதல் பாட்டாவது ஒரு திருவருகைக்காலப் பாட்டாக இருக்கட்டும்.

அலுவலக கேக்கைச் சாப்பிடுங்கள். பிற மதத்து நண்பர்கள் உங்களுக்காகவே வெட்டும் கேக்கை “இன்னும் காலம் வரவில்லை” என்று மறுப்பது பக்தி அல்ல. வீட்டில் மட்டும் கேக் 25க்கு முன் வெட்டப்படாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேக்கும் பலகாரமும்

தயாரிப்பு என்பதே திருவருகைக்கால வேலைதான், ஆகவே சமையலறைக்கு இந்த மாதத்தில் குற்ற உணர்வு வேண்டாம். முதல் ஞாயிறு அன்று உலர்திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத்தோல், செர்ரி எல்லாம் சேர்த்து அரைக்கிலோ பழத்தைப் பொடியாக நறுக்கிக் கண்ணாடி ஜாடியில் போட்டு 250 மில்லி ரம் ஊற்றுங்கள். வாரம் இரண்டு முறை குலுக்குங்கள். ரம் வேண்டாதவர்கள் அதே நாளில் ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்தால் புளித்துப் பொங்கிவிடும். அவர்கள் கேக் சுடுவதற்கு இரண்டு நாள் முன்பு சாற்றில் பழத்தைக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். 18, 19 தேதிகளில் சுட்டு, பட்டர் பேப்பரில் சுற்றி டின்னில் மூடுங்கள். பழத்தை மாவில் பிரட்டிப் போடாவிட்டால் அடியில் போய்த் தங்கிவிடும்.

அதிரச மாவை 18 வாக்கில் பாகு ஊற்றிக் கிளறி வைத்தால் 22இல் சுடலாம். முறுக்கு, கல்கல், முந்திரிக்கொத்து எல்லாம் 21, 22, 23இல். சுடும்போது ஆளுக்கு ஒன்று ருசி பார்க்கலாம்; மீதி சம்படத்துக்குள். சூடாக மூடினால் முறுக்கு நமுத்துவிடும். மூன்றில் ஒரு பங்கைத் தனியாக வேறு டின்னில் எடுத்து வையுங்கள், அது ஜனவரிக்கு.

குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தை மூன்றாம் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். 23, 24இல் வரிசை கோவில் வாசல்வரை நிற்கும், பலகாரச் சட்டியும் அடுப்பில் இருக்கும்.

25க்குப் பிறகு

முன்கூட்டிய கொண்டாட்டத்தைவிடப் பெரிய இழப்பு 26ஆம் தேதி எல்லாவற்றையும் மறந்துவிடுவது. கிறிஸ்து பிறப்புக் காலம் 25இல்தான் தொடங்குகிறது. ஆண்டவரின் திருமுழுக்கு விழாவரை நீளும், 2027இல் அது ஜனவரி 10. டிசம்பரில் தள்ளிவைத்ததை எல்லாம் இங்கே செலவழியுங்கள். உறவுக்காரர் விருந்தை 22இல் வைக்காமல் 27இல் வையுங்கள். 2026இல் அன்று திருக்குடும்ப ஞாயிறும்கூட. 28 மாசில்லாக் குழந்தைகள் நாள் (ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகளின் நினைவு), அன்று பிள்ளைகளுக்குப் பிடித்த சமையல். பரிசுகளை 25, ஜனவரி 1, மூன்று ராஜாக்கள் திருநாள் என்று பிரித்துக் கொடுக்கலாம். வளையத்தின் ஊதாத் திரிகளை எடுத்துவிட்டு வெள்ளைத் திரிகளை நட்டு இரவுச் செபத்தைத் தொடருங்கள்.

ராஜாக்கள் சுரூபம் மூன்றையும் 25இலேயே குடிலுக்குள் நிறுத்திவிடாமல் தொலைவில் ஓர் அலமாரியில் வைத்து நாள்தோறும் ஒரு முழம் நகர்த்துங்கள். அவர்கள் வந்து சேரும் ஞாயிறு, 2027இல் ஜனவரி 3, அந்த இரண்டாவது பலகார டின்னைத் திறக்கும் நாள்.