டெஸ்டோஸ்டிரோன் குறைவா? ஊசிக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு லேபிலேயே நடக்கிறது. களக்காட்டிலோ வள்ளியூரிலோ பஸ் ஏறி, திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி, டீயும் வடையும் முடித்துக்கொண்டு வண்ணாரப்பேட்டை போய் ரத்தம் கொடுக்கும்போது மணி பதினொன்றரை. டெஸ்டோஸ்டிரோன் என்ற இந்த ஆண் ஹார்மோன் அதிகாலையில் உச்சத்தில் இருந்துவிட்டு, பொழுது ஏற ஏற இறங்கும், சாப்பிட்டாலும் இறங்கும். காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு தனித்தனி நாட்களில் பார்க்க வேண்டும். டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே என்பது பல மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. எண் மட்டும் குறைந்து, உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லையென்றால் பொதுவாகச் சிகிச்சை தேவைப்படாது.

காரணம் தேடாமல் ஊசிக்குப் போவது அடுத்தது. எல்எச், எஃப்எஸ்எச், புரோலாக்டின் என்ற மூன்று ஹார்மோன்களையும் ரத்தத்தில் பார்த்தால் கோளாறு விதையிலா, மூளைக்கடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலா என்று தெரியும். தொப்பை, சர்க்கரை, குறட்டையோடு மூச்சுத் திணறும் தூக்கம் ஆகியவற்றாலும் அளவு குறையும். எடை குறைந்தாலே பலருக்கு அது கொஞ்சம் ஏறிவிடும். விறைப்புக் குறைவுக்கும் பெரும்பாலும் சர்க்கரையும் ரத்தக்குழாயும்தான் காரணம். எல்லாப் பழியையும் ஹார்மோன் மேல் போட முடியாது.

லாட்ஜில் ரூம் போட்டு, 'வாலிப வயதில் செய்த தவறு' என்று பயமுறுத்தும் வைத்தியர்களிடம் பணத்தைக் கொட்டாதீர்கள். சுயஇன்பத்தால் டெஸ்டோஸ்டிரோன் தீர்ந்துபோவதில்லை. சித்த மருத்துவம்தான் வேண்டுமென்றால் பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே போகலாமே.

எனக்கு அதிகம் ஆதங்கம் தருவது இனி சொல்லப்போவது. துபாயிலிருந்து லீவில் வந்து கல்யாணம் முடித்தவர், உடம்பு ஏற ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று ஊசி போடுகிறார். ஆறு மாதம் கழித்து மாமியார் வீட்டில் "ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்கிறார்கள்; கேள்வி முழுக்க அந்தப் பெண்ணிடம்தான் போகிறது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும், இங்கே சரக்கு போதும் என்று பிட்யூட்டரி தன் உத்தரவை நிறுத்திவிடும். விதை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு ஒன்றுகூட இராது. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும். ஆனால் மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும். பிள்ளை வேண்டும் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் குளோமிஃபீன், எச்சிஜி போன்ற மருந்துகள் என்று வேறு வழி பார்ப்பார்.

உண்மையிலேயே குறைவுள்ளவருக்குச் சிகிச்சை நல்ல பலன் தரும். ஊசியில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடுவதும் உண்டு, பத்து முதல் பதினான்கு வாரம் தாங்கும் அன்டெகனோயேட் என்ற வகையும் உண்டு. அதையே மாத்திரையாக எடுத்தால் கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். கட்டன் சாயாவோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. முகப்பரு, கால்வீக்கம், மார்பு பெருத்தல் வரலாம். ரத்தம் கெட்டிப்படுவதுதான் முக்கியம்: ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹீமட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்திவைப்பார்கள். நாற்பதைக் கடந்தவர்கள் புராஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும். 2023-இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில், இதய ஆபத்துள்ள ஐயாயிரத்துச் சொச்சம் பேரிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தக்கட்டும் சற்றுக் கூடின.

டெஸ்டோஸ்டிரோனைத் தோளில் ஜெல்லாகத் தடவுகிறவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, காய்ந்ததும் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வெறும் தோளில் பிள்ளையைத் தூக்கிப் போட்டால் மருந்து அதன் உடம்பிலும் ஏறும்.